லெபனானின் ஆர்மீனியர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒட்டோமான் துருக்கியப் பேரரசில் 1915இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலை பற்றி வாசித்துவருகிறேன். தப்பிய பலர் அகதிகளாகச் சென்ற லெபனானின் நாடாளுமன்றத்தில் ஆர்மீனியருக்கு 6 இடங்கள் உண்டாமே? அந்தச் சிறிய நாடு பரிதாபப்பட்டு இவ்வளவு செய்தது வியப்பாக இருக்கிறது. சென்னை ஆர்மீனியன் தெருவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இவர்கள் வருகையால் லெபனானின் இசை எப்படி மாறியது?

கு.

அன்புள்ள கு.,

தெருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம்மவர்கள் வாயில் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆகிப்போன அந்தத் தெருவின் ஆர்மீனியர்கள், படுகொலைக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே வந்த வணிகர்கள்.

‘பரிதாபப்பட்டு’ என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. யார் பரிதாபப்பட்டது? 1924இல் லெபனானை ஆண்டது பிரான்ஸ். முந்தைய ஆண்டில் துருக்கியோடு போட்ட லோசான் சமாதான உடன்படிக்கையை வைத்து, அங்கே குடியிருந்த பழைய ஒட்டோமான் குடிகளைக் குடிமக்களாக்கினார்கள். கூடாரங்களில் கிடந்த அகதிகள் அப்படித்தான் வாக்காளர்களானார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறக்காதீர்கள். 1932 கணக்கெடுப்பில், நாட்டில் குடியிருந்தவர்களில் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்தது மயிரிழைப் பெரும்பான்மை. ஆர்மீனியரைக் கழித்தால் அது தேறாது. அங்கே நாடாளுமன்ற இடங்களை மதவாரியாகப் பிரிப்பார்கள்; கிறிஸ்தவருக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்ற விகிதம் அந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. 1989 தாயிஃப் ஒப்பந்தம்தான் அதைச் சரிபாதியாக்கியது. உள்நாட்டுப் போரின் முடிவில் வந்த ஒப்பந்தம் அது.

பரிதாபம்தான் காரணமென்றால் 1948இல் வந்த பாலஸ்தீனர்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை? அவர்களும் கூடாரத்தில்தான் இருந்தார்கள். பெரும்பாலோர் சுன்னி முஸ்லிம்கள். சேர்த்தால் விகிதம் கவிழும். அவர்களில் கிறிஸ்தவர்கள் பலருக்குப் பிற்பாடு குடியுரிமை கிடைத்தது. இதைப் பார்த்த பிறகும் அந்தச் சொல்லை எழுதுவீர்களா? 1932க்குப் பிறகு அங்கே அதிகாரபூர்வக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எண்ணினால் என்ன தெரியவரும் என்ற பயம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். அடுத்து பெய்ரூத்தின் வரைபடத்தைத் திறந்து, ஆற்றுக்குக் கிழக்கே புர்ஜ் ஹம்மூத் பகுதியைப் பாருங்கள். நோர் மராஷ், நோர் அதானா, நோர் சிஸ் என்று பேட்டைகள் இருக்கும். நோர் என்றால் புதிய. ஒவ்வொரு ஊர்க்காரரும் சங்கம் வைத்து, பணம் திரட்டி, நிலம் வாங்கி, மனை பிரித்து, விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். பெக்கா சமவெளியின் அஞ்சாரில் இன்னும் நுணுக்கம். 1939இல், அதுவரை சிரியாவின் பக்கம் இருந்த ஹதாய் பகுதி துருக்கிக்குப் போனதும் முசா தாக் மலையை விட்டு வந்தவர்கள், மலையிலிருந்த 6 கிராமங்களின் பெயரில் ஊரை 6 பகுதிகளாக அமைத்துக்கொண்டார்கள்.

இசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.