பள்ளி மல்யுத்த டோர்னமென்டில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டால் வீட்டுக்குக் கிளம்பிவிடலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளி மல்யுத்த அணியில் சேர்ந்திருக்கிறான். இந்த வாரம் முதல் டோர்னமென்ட். நாள் முழுக்க நடக்குமாம். தோற்றதும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா? அங்கே என்னென்ன நடக்கும்?

பதில்:

கிளம்பிவிடாதீர்கள். முதல் தோல்விக்குப் பிறகு நடப்பதுதான் அங்கே பார்க்கவேண்டியதே.

என் மகன் உயர்நிலைப் பள்ளியில் இருந்தவரை எங்கள் வீட்டில் குளிர்காலச் சனிக்கிழமை என்றால் ஏதாவதொரு பள்ளியின் உள்ளரங்கில் மரப்பலகை இருக்கையில் உட்கார்ந்திருப்பதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு மல்யுத்தம் என்றால் ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும். 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமாரும் 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக்கும் இடையில் ஒரு ஆட்டம் தோற்றவர்கள்தான். ரெப்பசாஜ் என்ற மறுவாய்ப்பில் திரும்ப வந்து வெண்கலம் வாங்கினார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் உங்களைத் தோற்கடித்தவர் இறுதி ஆட்டத்துக்குப் போனால்தான் உங்களுக்கு அந்த மறுவாய்ப்பு. அமெரிக்கப் பள்ளி டோர்னமென்ட்கள் பெரும்பாலானவற்றில் இந்த நிபந்தனை கிடையாது. தோற்றவன் கீழ் அட்டவணைக்கு இறங்குவான். அங்கே இன்னொரு முறை தோற்றால்தான் வெளியே. முதலிடம் கிடைக்காது, ஆனால் மூன்றாம் இடம்வரை ஏறி வரலாம்.

ஒரு எடைப்பிரிவில் 16 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பியன் ஆகிறவன் 4 ஆட்டம் ஆடுவான். முதல் ஆட்டத்தில் தோற்று மூன்றாம் இடத்துக்கு வருகிறவன் 6 ஆட்டம் ஆடியிருப்பான். களைப்பு, பசி, காலையில் தோற்ற எரிச்சல் எல்லாவற்றோடும் சேர்த்து. என்னைக் கேட்டால், ஒரு பையனுக்கு எவ்வளவு தாக்குப்பிடிக்க முடியும் என்பது அந்தக் கீழ் அட்டவணையில்தான் தெரியும். பென்சில்வேனியா, அயோவா, ஓஹையோ மாநிலப் போட்டிகளில் முதல் எட்டுப் பேரை மேடையேற்றுவார்கள். அந்த எட்டுக்குள் வருவானா வெளியே போவானா என்று முடிவாகும் கீழ் அட்டவணைச் சுற்றை ‘பிளட் ரவுண்ட்’ என்பார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்று அழுகிறவர்களைவிட இந்தச் சுற்றில் தோற்று அழுகிறவர்கள் அதிகம்.

அணிக் கணக்கும் இருக்கிறது. மேல் அட்டவணையில் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனால் அணிக்கு 2 புள்ளி, கீழ் அட்டவணையில் 1. எதிராளியின் முதுகைத் தரையில் பதியவைத்து, அதாவது ‘பின்’ செய்து ஜெயித்தால் கூடுதலாக 2. ஆக, கீழே பின் செய்து ஜெயித்தவன் 3 புள்ளி கொண்டுவருவான். மேலே திக்கித் திணறி ஜெயித்தவன் கொண்டுவருவது 2 தான். தோற்றுவந்த பையனைப் பயிற்சியாளர் உடனே அடுத்த ஆட்டத்துக்குக் கிளப்புவது ஆறுதலுக்காக மட்டும் இல்லை, இந்தக் கணக்குக்காகவும்தான். உங்கள் பையனைப் பாதியில் கூட்டிக்கொண்டு போனால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆட்டம் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 2 நிமிடம். ஆறு நிமிடம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், நிற்கிறவனுக்கு அப்படித் தோன்றாது. விதிகளும் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் விதிகள் இல்லை. இங்கே எதிராளியைப் பிடியில் வைத்திருப்பதுதான் முக்கியம். கீழே மாட்டியவன் விடுபட்டு எழுந்தால் 1 புள்ளி, புரண்டு தானே மேலே வந்து பிடித்துவிட்டால் 2. தோள்கள் இரண்டும் 2 நொடி மேட்டில் பதிந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது, அதுவரை யார் எத்தனை புள்ளி வைத்திருந்தாலும் சரி. 15 புள்ளி முன்னிலை வந்தாலும் நிறுத்திவிடுவார்கள். மேலே இருப்பவன் வெறுமனே அழுத்திக்கொண்டு படுத்திருந்தால் நடுவர் எச்சரிப்பார். அப்போது அரங்கமே ‘ஸ்டாலிங்’ என்று கத்தும். இரண்டாவது டோர்னமென்டில் நீங்களும் கத்துவீர்கள்.

காலையில் முதலில் எடை பார்ப்பார்கள். தோலையும் பார்ப்பார்கள். படர்தாமரை போன்ற தொற்று இருந்து, மருத்துவர் கடிதம் இல்லையென்றால் இறங்க முடியாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். காதுக் கவசத்தை மறந்துவிடாதீர்கள். காது மடல் நசுங்கி வீங்கிக் கெட்டியாகிவிட்டால் பழையபடி ஆகாது.

எடை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 1997 இறுதியில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் அவசரமாக எடை குறைக்கப்போய் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. இப்போது சீசன் தொடக்கத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உடல் கொழுப்பை அளப்பார்கள். பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே போகிற மாதிரி எடைப்பிரிவு எடுக்க முடியாது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. விதி இவ்வளவு இருந்தும், முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் எச்சில் துப்பிக்கொண்டே திரிகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அப்படிச் செய்தால் ஒரு பிரிவு மேலே ஆடச் சொல்லுங்கள். தோற்றால் தோற்கட்டும்.

பெண்களுக்குத் தனிப் போட்டி என்பது 1998-இல் ஹவாய் மாநிலத்தில் தொடங்கியது. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. மகள் இருந்தால் அவளையும் கூட்டிப்போங்கள்.

நடைமுறையில் சிக்கல் ஒன்றுதான். ஒரே நேரத்தில் ஆறேழு மேட்டில் ஆட்டம் நடக்கும். பெயரைச் சொல்வது ஒலிபெருக்கியில் புரியாது, நம் பெயர்களென்றால் சுத்தமாகப் புரியாது. ஆட்ட எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். அட்டவணை பெரும்பாலும் ஃபோனிலேயே கிடைக்கும். தோற்றதும் அவன் கீழ் அட்டவணையில் எந்த எண்ணுக்குப் போயிருக்கிறான் என்று பாருங்கள், பிறகு சாப்பாடு வாங்கப் போங்கள். கூப்பிடும்போது மேட்டுக்கு வராவிட்டால் வெற்றியை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.