திட்டத்தில் பூங்கா, தரையில் காலி மனை

எந்த இடம் எதற்கு என்று குறிக்கும் நிலப் பயன்பாட்டுத் திட்ட வரைபடத்தில், உங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள காலி மனைக்குப் பூங்கா என்று பச்சை பூசியிருக்கிறார்கள்; பூங்கா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறீர்கள். அந்தப் பச்சையால் இப்போதைக்கு ஒரே பலன்தான்: அங்கே வேறு கட்டடத்துக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. பூங்கா எந்த ஆண்டு வரும் என்பதை அந்தத் திட்டம் சொல்லாது.

மூன்று ஆண்டாகியும் ஒரு செடிகூட வைக்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் நிலம் இன்னும் தனியார் பெயரில் இருக்கும். வரைபடத்தில் நிறம் பூசுவது ஒரு கை, நிலம் வாங்கப் பணம் ஒதுக்குவது இன்னொரு கை.

1. அந்த இடத்தின் நில அளவை எண்ணைக் கொண்டு உரிமையாளர் யார் என்று பாருங்கள்.
2. உள்ளாட்சி நிலம்தான் என்றால், அதன் பட்ஜெட்டில் மூலதனச் செலவுப் பட்டியலை (புதிதாகக் கட்டவும் வாங்கவும் ஒதுக்கும் பணம்) தேடுங்கள். அதில் இல்லையென்றால் இந்த ஆண்டு வேலை நடக்காது. வார்டு கூட்டத்தில் "பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியாயிற்றா" என்றுதான் கேட்க வேண்டும், "பூங்கா எங்கே" என்று அல்ல.

அதற்காகத் திட்டத்தை வெறும் காகிதம் என்று தள்ளிவிடாதீர்கள். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1947-இல் வந்த திட்டம் நகரை ரயில் பாதைகளை ஒட்டி வளரவிட்டு, நடுவே பசுமைப் பட்டைகளை ஒதுக்கியது. அவை பெருமளவு இன்றும் திறந்தவெளிதான். இந்த விஷயத்தில், கட்டாமல் வைத்திருப்பதே பாதி வேலை.

ஒரு எச்சரிக்கை: சில சட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் அரசு நிலத்தைக் கையகப்படுத்தாவிட்டால் பூங்காவுக்கான ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். உரிமையாளரும் பயன்பாட்டு மாற்றம் கேட்டு மனுப் போடலாம். ஆட்சேபத்துக்கான அவகாசம் குறைவு, அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.