செஸ் ரேட்டிங் 600இலிருந்து 1000க்கு வர எவ்வளவு காலம் எடுக்கும்?

மூன்று மாதம் விளையாடியும் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், 600இலேயே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தினமும் அரை மணித்தியாலம் ஒழுங்காக ஒதுக்கினால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கு எட்டு மாதம். எனக்கு அதைவிட அதிகம், வயதும் ஒரு காரணம்தான்.

நான் செய்த பிழை இதுதான்: வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே 3 நிமிட ஆட்டம். கொண்டக்டர் காசு கேட்பார், சில்லறை தேடி முடித்துத் திரும்பினால் ராணி போயிருக்கும். அப்புறம் கோபத்தில் இன்னும் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி.

600இல் யாரும் திறப்பாட்டம் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) தெரியாமல் தோற்பதில்லை, காயைச் சும்மா கொடுத்துத்தான் தோற்கிறார்கள். 15 நிமிட ஆட்டம் விளையாடுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் 'எதிராளி இப்போது எதை வெட்டலாம்?' என்று பாருங்கள். குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் ராணியையும் தாக்குவது போன்ற புதிர்களைத் தினம் பத்துப் போடுங்கள். தோற்ற ஆட்டத்தை லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் இலவசமாகவே அலசலாம்.

இன்னொன்று, லிச்செஸ்ஸில் எல்லோருக்கும் தொடக்க ரேட்டிங் 1500. அந்த எண்ணை செஸ்.காம் என்ற மற்றத் தளத்தின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள், இரண்டும் வேறு அளவுகோல்.