இம்ப்ளான்ட் பல்லுக்கு ஸ்டோன் மாடல்: கேள்விகளும் பதில்களும்

இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் வைக்கும் செயற்கை வேர்) வேலைக்கு ஸ்டோன் மாடல் (வாயில் எடுத்த அச்சில் ஜிப்சம் தூளைக் கலந்து ஊற்றி எடுக்கும் நகல்) ஊற்றுவது பற்றி லேப் தம்பிகளும் தங்கைகளும், பயிற்சி மருத்துவர்களும், சிகிச்சையில் இருக்கும் ஒரு அம்மாவும் கேட்ட கேள்விகள் இவை. பல் லேபில் இந்த வேலையையே பார்த்துவருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, சாதாரண கிரவுனுக்கு மாடல் நல்லாவே ஊத்துவேன். இம்ப்ளான்ட்னு சொன்னா மட்டும் சீனியர்ங்க பக்கத்துலயே விட மாட்டேங்கிறாங்க. ஸ்டோன் ஒண்ணுதானே?

ஸ்டோன் ஒன்றுதான் தம்பி, ஆனால் மேலே உட்காரப்போகும் வேலை பிழையைத் தாங்காது. இயற்கைப் பல்லைச் சுற்றி மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கடிக்கும்போது அந்தப் பல் 25 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அமுங்கிக் கொடுக்கும். இம்ப்ளான்ட் நேராக எலும்போடு ஒட்டியது, 3 முதல் 5 மைக்ரானுக்கு மேல் அசையாது. மாடலில் நாம் விட்ட பிழையைப் பல் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும், இம்ப்ளான்ட் விழுங்காது. அந்த இழுவிசை ஸ்க்ரூவுக்கும் பீங்கானுக்கும் எலும்புக்கும் போகும். அடிக்கடி ஸ்க்ரூ தளர்ந்து வரும் கேஸ்களில் ஒரு பங்கு மாடல் மேசையிலேயே ஆரம்பித்தது என்பது என் உறுதியான எண்ணம். மாடலில் இம்ப்ளான்ட்டுக்குப் பதிலாக நிற்கும் துண்டுதான் அனலாக். அதன் உயரம், சாய்வு, சுழற்சி மூன்றும் வாயில் இருக்கும் இம்ப்ளான்ட்டைப் போலவே இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

கேள்வி: சார், இம்ப்ரெஷன் லேபுக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இம்ப்ரெஷனில் (வாயில் எடுத்த அச்சு) இருப்பது எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட்டுக்கு உரியது, எந்த பிளாட்ஃபார்ம் (இணைப்பு முகத்தின் அளவு) என்று பாருங்கள். கோப்பிங்கின் (அச்சு எடுக்க இம்ப்ளான்ட்டில் மாட்டும் துண்டு) நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள், நிறக்குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இம்ப்ளான்ட் டப்பாவில் வரும் ஸ்டிக்கரின் படத்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். 'கிட்டத்தட்டப் பொருந்துகிற' அனலாக் என்று ஒன்று கிடையாது. பழைய மாடலை உடைத்து எடுத்த அனலாக்கையும் போடாதீர்கள், அதன் இணைப்பு தேய்ந்திருக்கும்.

அடுத்து ட்வீசரால் கோப்பிங்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். அசைந்தாலோ சுற்றினாலோ தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். கோப்பிங் சரியாக உட்கார்ந்ததைக் காட்டும் எக்ஸ்ரேயையும் கேளுங்கள். சில டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள்தான். ஆனால் அசையும் கோப்பிங் மேல் எவ்வளவு நல்ல ஸ்டோன் ஊற்றினாலும் அது தப்பான மாடல்தான்.

கேள்வி: ஆல்ஜினேட்டில் அளவு எடுத்து அனுப்பினால் போதாதா?

போதாது. கோப்பிங்கைப் பிடித்து வைக்கும் விறைப்பு அதற்கு இல்லை. பாலிஈதர் அல்லது அடிஷன் சிலிகான் வேண்டும்.

கேள்வி: அண்ணா, ஓப்பன் ட்ரேல அனலாக்கை மாட்டி இறுக்கும்போது கோப்பிங்கும் சேர்ந்து சுத்துற மாதிரி இருக்கு. என்ன பண்றது?

ஓப்பன் ட்ரேயில், அச்சுத் தட்டின் ஓட்டை வழியே வெளியே நீளும் ஸ்க்ரூதான் கோப்பிங்கைப் பிடித்திருக்கும், கோப்பிங் அச்சோடே வந்துவிடும். அனலாக்கைத் திருகக் கூடாது. அதன் உடலை ஹீமோஸ்டாட்டால் (பூட்டும் இடுக்கி) கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறுபக்கமிருந்து நீள ஸ்க்ரூவை மட்டும் டிரைவரால் திருப்புங்கள். விரல் பலம் போதும். 30, 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்று கேள்விப்படும் டார்க் எல்லாம் கடைசியில் வாயில் அபட்மென்ட் (இம்ப்ளான்ட்டையும் பல்லையும் இணைக்கும் துண்டு) ஸ்க்ரூவுக்குத் தருவது, இங்கே தந்தால் கோப்பிங் சுற்றிவிடும். இறுக்கிய பிறகு இணைப்பைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள், கோடு சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

க்ளோஸ்டு ட்ரே என்றால் அச்சை எடுக்கும்போது கோப்பிங் வாயிலேயே தங்கும், டாக்டர் அதைக் கழற்றித் தனியாக அனுப்புவார். அனலாக்கைக் கோப்பிங்கோடு வெளியிலேயே இணைத்து, கோப்பிங்கின் தட்டைப் பக்கம் எந்தத் திசை என்று பார்த்து, இம்ப்ரெஷனுக்குள் அழுத்துவோம். ஒரு பல்லுக்கு அது சரி. பல இம்ப்ளான்ட் உள்ள கேஸுக்கு ஓப்பன் ட்ரேதான் என் விருப்பம்.

கேள்வி: ஈறு மாஸ்க்கை (மாடலில் ஈறுக்குப் பதிலாக இருக்கும் மென்மையான ரப்பர்) எவ்வளவு உயரத்துக்குப் போட வேண்டும் அண்ணா? எனக்கு ஒன்று பிய்ந்து வருகிறது, இல்லை இம்ப்ரெஷனோடு ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டுவது செப்பரேட்டர் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) போடாததால்தான் தங்கச்சி. அடிஷன் சிலிகான் இம்ப்ரெஷன் மேல் சிலிகான் மாஸ்க்கை நேராக விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். செப்பரேட்டர் அடித்து, காயவிட்டு, பிறகு விடுங்கள். கோப்பிங்கும் அனலாக்கும் சேரும் கோட்டுக்கு மேல் 2, 3 மில்லிமீட்டர் மூடினால் போதும். அனலாக்கின் உடலில் உள்ள பள்ளங்களை மாஸ்க் மறைக்கவே கூடாது, ஸ்டோன் பிடிப்பது அங்கேதான். பக்கத்துப் பற்களைத் தொடும் இடத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே ரப்பர் இருந்தால் கான்டாக்ட் இறுக்கமா தளர்வா என்று தெரியாது.

கேள்வி: சார், எந்த ஸ்டோன்? பாக்கெட்டில் உள்ள அளவைத்தான் போடுகிறோம், ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி செட் ஆகிறது.

டைப் 4 ஸ்டோன். ஐஎஸ்ஓ 6873 தரப்படி செட் ஆகும்போது அதன் விரிவு 0.15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. டைப் 5 கெட்டிதான், ஆனால் விரிவு 0.30 வரை போகும், இந்த வேலைக்கு வேண்டாம். விரிவு 0.10 சதவீதம் என்றே வையுங்கள், 40 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு அனலாக்குக்கு நடுவே அது 40 மைக்ரான். மேலே சொன்ன 3, 5 மைக்ரானோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தினம் தினம் மாறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, தூள் ஈரம் இழுப்பது. மழைக்காலத்துச் சென்னையில் திறந்து வைத்த மூட்டை சீக்கிரம் கெட்டுவிடும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இன்னொன்று தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு செட் ஆகும் நேரத்தை மாற்றும், டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 20 முதல் 22 மில்லி அளவில்தான் பெரும்பாலான டைப் 4 வரும், உங்கள் பாக்கெட் சொல்வதைத் தராசில் எடை போட்டு எடுங்கள். கண் திட்டம் வேண்டாம். தண்ணீரில் தூளைத் தூவி, கொஞ்சம் ஊறவிட்டு, வேக்குவம் மிக்சரில் அரை நிமிடம் கலந்தால் போதும்.

அடிஷன் சிலிகானில் சில வகைகள் ஹைட்ரஜன் வாயு விடும். உடனே ஊற்றினால் மாடல் முகமெல்லாம் ஊசித் துளை. கம்பெனி சொன்ன நேரம் காத்திருங்கள். ஊற்றும்போது ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய அதிர்வில் ஓடவிடுங்கள். அனலாக் மேல் நேரே கொட்ட வேண்டாம்.

கேள்வி: ஃபுல் ஆர்ச்சில் (ஒரு தாடை முழுக்க) ஆறு இம்ப்ளான்ட். மாடல் சரிதான் என்று எப்படி நம்புவது?

நம்பக் கூடாது டாக்டர், சோதிக்க வேண்டும். இரண்டு கட்டமாகச் செய்யலாம்.

ஊற்றும்போதே விரிவைக் குறைக்க, ஒவ்வொரு அனலாக்கிலும் சிறிய ரப்பர் குழாயை மாட்டி முதல் ஸ்டோனை ஊற்றுங்கள். அது முழுக்க செட் ஆன பிறகு குழாய்களை உருவிவிட்டு, அனலாக்கைச் சுற்றியுள்ள சின்ன இடைவெளியில் மட்டும் புதிதாகக் கலந்த ஸ்டோனை விடுங்கள். கொஞ்சம் ஸ்டோன் என்பதால் விரிவும் கொஞ்சம்தான்.

பிறகு ஜிக், அதாவது மாடலும் வாயும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சட்டம். மாடலில் அனலாக்குகள் மேல் சிலிண்டர்களை மாட்டி பேட்டர்ன் ரெசினால் (கெட்டியாகும் ஒருவகை பிளாஸ்டிக்) இணைக்கிறோம். அந்த ரெசின் 24 மணி நேரத்தில் கன அளவில் 6.5 முதல் 7.9 சதவீதம் வரை சுருங்கும், அதில் பெரும்பகுதி முதல் 17 நிமிடத்திலேயே நடந்துவிடும். அதனால் ஒரு நாள் வைத்திருந்து, இம்ப்ளான்ட்டுகளுக்கு நடுவே மெல்லிய டிஸ்க்கால் அறுத்து, துண்டுகளுக்கு எண் போட்டு அனுப்புவோம். நீங்கள் வாயில் மாட்டி, அறுத்த கோட்டில் மட்டும் துளி ரெசின் விட்டு இணையுங்கள். அந்த ஜிக்கை நாங்கள் மாடலில் வைத்து, ஒரு ஓரத்தில் உள்ள ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, மறு ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் மாடல்தான் தப்பு. அந்த அனலாக்கை அறுத்தெடுத்து, ஜிக்கில் மாட்டி, திரும்ப ஸ்டோன் விட்டால் சரியாகிவிடும். ரெசினுக்குப் பதில் இம்ப்ரெஷன் பிளாஸ்டரால் ஜிக் செய்கிறவர்களும் உண்டு. பிளாஸ்டர் வளைந்து கொடுக்காது, பொருந்தவில்லையென்றால் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: எனக்கு மேல்தாடையில் ஆறு இம்ப்ளான்ட் வைத்திருக்கிறார்கள். அளவு எடுத்த பிறகும் 'சரிபார்க்க வேண்டும்' என்று மறுபடி வரச் சொல்கிறார்கள். வீண் அலைச்சல்தானே?

வீண் இல்லை அம்மா. மேலே சொன்ன ஜிக் சோதனைக்காகத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தால், பல் கட்டி முடித்த பிறகு பிரித்து மாட்டும் தொல்லை வரலாம். அவசியம் போய் வாருங்கள்.

கேள்வி: ஸ்டோன் செட் ஆனதும் ட்ரேயை இழுத்தேன், வரவே இல்லை அண்ணா.

இழுக்காதே தம்பி! முதலில் ஓப்பன் ட்ரேயின் நீள ஸ்க்ரூக்கள் அத்தனையையும் முழுக்கக் கழற்று, எண்ணிப் பார், பிறகு ட்ரேயை நேராகத் தூக்கு. ஸ்க்ரூத் தலையை ஸ்டோன் மூடியிருந்தால் சுரண்டி எடு. அடுத்த முறை ஊற்றும் முன்பே அந்த ஓட்டையை மெழுகால் அடைத்துவிடு. கழற்றிய மாடலைக் குழாயடியில் கழுவாதே, ஸ்டோன் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ட்ரிம் பண்ணுவதற்கு முன் நனைக்க வேண்டுமென்றால் ஸ்டோன் தூள் கலந்து தெளியவைத்த தண்ணீரில் நனை.