கடுங்குளிர் ஆண்டுகள் வரும்போது, குளிர்காலம் சூடாகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரே பருவத்தின் சராசரி வெப்பநிலையை ஆண்டுக்கு ஆண்டு அடுக்கிப் பார்த்தால், பல பத்தாண்டுகளில் அது எந்தப் பக்கம் நகர்கிறதோ, அதுதான் நீண்டகாலப் போக்கு.

இதைப் பார்க்க மத்திய இங்கிலாந்து வெப்பநிலைப் பதிவேடுதான் எனக்குப் பிடித்த உதாரணம். 1659 முதல் மாதவாரியாகத் தொடர்கிறது. கருவியால் அளந்த பதிவுகளில் உலகிலேயே நீளமானது. பழைய நாட்குறிப்புகளிலும் சிதறிய குறிப்புகளிலும் கிடந்ததைக் கோத்தவர் கார்டன் மான்லி என்ற ஆங்கிலேயக் காலநிலை ஆய்வாளர். தொடக்ககால எண்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும். சிலர் வெப்பமானியை வீட்டுக்குள், தீ மூட்டாத அறையில் மாட்டியிருந்தார்கள்! 1683-84 குளிர்காலச் சராசரி மைனஸ் 1.2 டிகிரி செல்சியஸ். தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடை போட்டார்கள். அதற்கப்புறம் அவ்வளவு குளிர்ந்த குளிர்காலம் அங்கே வரவில்லை.

சரி, ஓர் ஆண்டை வைத்து ஏன் முடிவு செய்யக்கூடாது? அங்கே குளிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றின் திசை. அட்லாண்டிக்கிலிருந்து வீசினால் மிதமான குளிர். கிழக்கே ஐரோப்பிய நிலத்திலிருந்து வீசினால் நடுக்கம். இந்த ஆட்டத்துக்கு அடியில், கரியமில வாயு போன்றவை பிடித்துவைக்கும் வெப்பம் மெதுவாக ஏறுகிறது. தக்காளி விலை வாரத்துக்கு வாரம் எகிறும், சரியும். ஆனாலும் இருபது ஆண்டுக்கு முந்தைய மளிகைச் செலவு திரும்புவதில்லையே! அதனால்தான் 30 ஆண்டுச் சராசரிகளை ஒப்பிடுகிறார்கள்.

“2010 டிசம்பரில் அங்கே சராசரி பூஜ்ஜியத்துக்கும் கீழே போனதே, அப்போது வெப்பமாவது பொய்யா?” என்பார்கள். இல்லை, கடுங்குளிர் மாதங்கள் அரிதாகின்றன என்பதுதான் கணக்கு, இனி வரவே வராது என்பதல்ல.