ஆக்கிரமிப்புப் படை பொதுமக்களைப் பழிவாங்கிக் கொன்றது ஏன்? வாவெர், 1939

தன் ஆள் ஒருவன் கொல்லப்பட்டால், கொன்றவனைத் தேடாமல் கையில் சிக்கிய ஊர்க்காரர்களை ஆக்கிரமிப்புப் படை தண்டிப்பதைத்தான் கூட்டுத் தண்டனை என்கிறோம்.

ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த போலந்தின் தலைநகர் வார்சாவை ஒட்டிய வாவெரில் 1939 டிசம்பர் 26 மாலை, ஒரு மதுக்கடையில் இரண்டு ஜெர்மானியப் படையினரை உள்ளூர்க் குற்றவாளிகள் இருவர் சுட்டுக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடினார்கள். அன்றிரவே ஜெர்மன் போலீஸ் வாவெரிலும் பக்கத்து ஆனினிலும் வீடு வீடாகப் புகுந்து, சம்பவமே தெரியாத ஆண்களைத் தூக்கத்திலிருந்து இழுத்து வந்தது. விசாரணை என்று நடந்தது வெறும் கண்துடைப்பு. கடைக்காரர் அந்தோனி பார்த்தோஷெக்கை அவர் கடை வாசலிலேயே தூக்கிலிட்டார்கள். விடியற்காலையில் மற்றவர்களைச் சிறு குழுக்களாக நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் 107 பேர் இறந்தார்கள். குண்டுபட்டும் பிணங்களுக்கிடையே உயிரோடு கிடந்து பிழைத்தவர்கள் சிலர் உண்டு.

காரணம் வெறும் ஆத்திரமல்ல. குறைந்த ஆட்களைக் கொண்டு பெரிய மக்கள்தொகையை அடக்க, பயம்தான் மலிவான கருவி. ஒருவன் ஜன்னலை உடைத்ததற்கு வகுப்பு முழுவதையும் அடிக்கும் ஆசிரியரைப் போல, ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க வைப்பதே நோக்கம். அது பலிக்கவில்லை, வார்சாவில் ‘வாவெர்’ என்ற பெயரிலேயே ஒரு எதிர்ப்பு அமைப்பு உருவானது. இந்தக் கொலைகளுக்கு உத்தரவிட்ட ஜெர்மன் போலீஸ் அதிகாரி மாக்ஸ் டௌமெ 1947இல் தூக்கிலிடப்பட்டார்.

‘அந்தக் காலப் போர்ச் சட்டம் இதை அனுமதித்தது’ என்று பலர் நினைப்பது தவறு: தனிநபர் செயலுக்காக மக்கள் அனைவரையும் தண்டிப்பதை, ஜெர்மனியும் ஏற்றிருந்த 1907ஆம் ஆண்டின் சர்வதேசப் போர் விதிகளான ஹேக் விதிகளின் 50ஆம் பிரிவு அப்போதே தடைசெய்திருந்தது.