பட்டறைப் பதில்கள்: கூலரை விட ஹோஸ்தான் முக்கியம்

கத்திரி தொடங்கினாலே வண்டிச் சூட்டைப் பற்றிய கடிதங்கள் குவியும், இந்த முறையும் அப்படித்தான். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன், அதே கேள்வியை வேறு வேறு விதமாக இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ் இருக்கிறது. லீவு நாளில் பண்ருட்டி பக்கம் முந்திரிக்காட்டு மணல் பாதையிலும், கேப்பர் மலைச் செம்மண் ஓடைகளிலும் ஓட்டுவேன். அரை மணி நேரத்தில் கால் பொசுங்குகிற மாதிரி சூடாகிவிடுகிறது, நியூட்ரல் விழமாட்டேன் என்கிறது, ஹெட்டில் டிக் டிக் என்று சத்தம் வேறு. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பல்சர் 220 ஆயில் கூலர் ஒன்று பழையதாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். இதை மாட்டலாமா? ஹோஸ் எங்கே செய்வது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மாட்டலாம் தம்பி. ஆயில் கூலர் என்பது இன்ஜின் எண்ணெயை ஹோஸ் வழியாக வெளியே எடுத்துக் காற்றில் ஆறவைக்கிற சின்ன ரேடியேட்டர்தான். இம்பல்ஸ் 149.2 சிசி ஏர்கூல்டு வண்டி, கம்பெனியிலிருந்து கூலர் கிடையாது. அதே ஹீரோ 2019இல் கொண்டுவந்த எக்ஸ்பல்ஸ் 200க்கு 2020 மாடலில் கம்பெனியே ஆயில் கூலர் சேர்த்தது, அதனால் உங்கள் யோசனையில் தப்பில்லை. மணலில் இன்ஜின் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் கத்திக்கொண்டே போகும், வேகமோ சைக்கிள் வேகம். காற்றை நம்பி ஆறுகிற இன்ஜினுக்குக் காற்றே கிடைக்காத இடம் அது. ஆனால் கூலருக்கும் அதே காற்றுதான் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மணலில் தவழும்போது அது பெரிதாக எதுவும் செய்யாது, மணல் முடிந்து கட்டாந்தரையில் 40 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் எண்ணெய் சீக்கிரம் ஆறும், கூடவே கொஞ்சம் அதிக எண்ணெய் சுற்றுவதால் சூடு ஏறுவதும் தாமதமாகும். அவ்வளவுதான் அதன் லாபம், அதுவே இன்ஜினுக்குப் பெரிய லாபம்.

மாட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள், எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்று அளந்து பாருங்கள். 200 டிகிரி வரை காட்டும் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அரை மணி நேரம் மணலில் ஓட்டி, நிறுத்தின கையோடு டிப்ஸ்டிக் துளை வழியாகக் கம்பியை விட்டுப் பாருங்கள். 90 முதல் 120 டிகிரி வரை என்றால் எண்ணெய் நன்றாகவே இருக்கிறது. 130ஐத் தாண்டி அடிக்கடி போகிறது என்றால் கூலருக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. கால் பொசுங்குவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஏர்கூல்டு வண்டியின் ஹெட் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதும் காலைச் சுடத்தான் செய்யும்.

அளவு அதிகமாக வந்தால் காசு செலவில்லாத காரணங்களை முதலில் தேடுங்கள். சிலிண்டர் ஃபின் இடுக்கில் செம்மண் காய்ந்து செங்கல் மாதிரி இறுகியிருக்கிறதா? சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ மாற்றிவிட்டு கார்புரேட்டர் ஜெட்டை அப்படியே விட்டுவிட்டீர்களா? பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் ஹெட் கொதிக்கும். பின் பிரேக் பிடித்துக்கொண்டே சுற்றுகிறதா, கிளட்ச் ஒயரில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். நியூட்ரல் விழாததற்குப் பாதிக் காரணம் சூட்டில் கிளட்ச் முழுசாக விடுபடாததுதான். எண்ணெய் பழசாகியிருந்தால் மாற்றுங்கள், உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேடில், டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய் என்ற குறி) என்று போட்டிருப்பதாக. கார் எண்ணெய் வேண்டாம், கிளட்ச் வழுக்கும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் 130 வந்தால், சரி, கூலர் மாட்டுவோம்.

முதல் சிக்கல் எண்ணெயை எங்கிருந்து எடுப்பது என்பதுதான். பிரஷர் உள்ள ஒரு துளையில் டி ஃபிட்டிங் (மூன்று வழி இணைப்பு) போட்டு இரண்டு ஹோஸையும் அதிலேயே சேர்த்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் எண்ணெய் கூலருக்குள் போய் நிற்குமே தவிர ஓடாது. பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய் வெளியே வந்து, கூலரைச் சுற்றி, அதே பாதையில் திரும்ப நுழைய வேண்டும். கூலரிலிருந்து நேராக சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் எண்ணெய் தங்குகிற இடத்தில், கொட்டும்படி விட்டால் இன்னும் மோசம், எண்ணெய் சுலபமான வழியைத் தேடி அந்தப் பக்கமே போய்விடும், மேலே ஹெட்டுக்குப் போக வேண்டியது குறையும். சின்ன வண்டியின் பம்ப் சின்னதுதான், அதற்கு அவ்வளவு தாராளம் கிடையாது. கவரைக் கழற்றி எண்ணெய்ப் பாதையை விரலால் தொட்டுப் பார்த்து, எங்கே வெட்டி வெளியே எடுக்கலாம் என்று முடிவு செய்த பிறகுதான் வெல்டிங்கும் லேத் வேலையும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் அலுமினியத்தில் ஆர்கன் வெல்டிங் செய்கிற, நிதானமாக வேலை பார்க்கிற பட்டறையாகத் தேடிப் பிடியுங்கள். இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

அடுத்தது ஹோஸ். இதைப் பற்றி நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் பழைய வண்டிக்கு முதன்முதலாகக் கூலர் மாட்டியபோது, ஒரு கடையில் "இது ஆயில் ஹோஸ்தான்" என்று கொடுத்ததை நம்பி வாங்கி, திருகு கிளிப் போட்டு இறுக்கிவிட்டேன். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது வாரம் கெடிலம் ஆற்று மணலில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ரப்பர் இளகி, கிளிப்பிலிருந்து ஹோஸ் நழுவி, எண்ணெய் முழுக்க சைலன்சர் மேலும் பின்சக்கரத்தின் மேலும் அடித்தது. குப்பென்று புகை, பின்சக்கரம் வழுக்கி நான் ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம். எழுந்து சாவியை அணைப்பதற்குள் முக்கால்வாசி எண்ணெய் மணலில் இறங்கிவிட்டது. கேம் ஷாஃப்ட் அரைபட்டுப் போனது. அன்றைக்குப் பிறகு பெட்ரோல் டியூபையும் திருகு கிளிப்பையும் எண்ணெய்ப் பாதையில் நான் அனுமதிப்பதே இல்லை, நீங்களும் அனுமதிக்காதீர்கள்.

ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ணித் தருகிற கடைக்குப் போங்கள், நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அங்கே சாதாரணமாகக் கிடைப்பது ஒற்றைக் கம்பி வலை வைத்த ஆர்1 ரக ரப்பர் ஹோஸ். கால் அங்குல அளவில் அது 190 பார் அழுத்தம் தாங்கும், நம் இன்ஜின் எண்ணெய்க்குச் சில பார் தாங்கினாலே போதும். ஆனால் அழுத்தத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அதன் சூட்டுக் கணக்கைக் கேளுங்கள். சாதாரண ஆர்1 ஹோஸ் தொடர்ந்து தாங்குவது 100 டிகிரிதான், உங்கள் எண்ணெயோ அதைத் தாண்டுகிறது என்பதற்காகத்தான் கூலரே மாட்டுகிறீர்கள். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் வலை பின்னிய ஆர்14 ரகம் கேளுங்கள், 200 டிகிரி வரை கவலையில்லை. விலை கூடத்தான். நான் அதற்குத்தான் கொடுப்பேன்.

டெஃப்லான் ஹோஸை நெருக்கி வளைத்தால் உள்ளே மடிந்து அடைத்துக்கொள்ளும், மடிந்தது பழைய நிலைக்கு வராது. திருப்பம் வருகிற இடத்தில் ஹோஸை வளைக்காமல் 45 டிகிரி, 90 டிகிரி முனைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் வண்டியில் கூலரைத் தற்காலிகமாகக் கட்டி, ஒரு கெட்டிக் கம்பியைப் பாதை நெடுக வளைத்து, அந்தக் கம்பியைக் கையோடு கொண்டுபோங்கள். டேப் வைத்து அளந்து போனவர்கள் பாதிப் பேர் திரும்பவும் கடைக்கு வருவார்கள். பழைய கூலரோடு அதன் சொந்த ஹோஸும் வந்திருந்தால் எறியாதீர்கள், முனையிலிருக்கிற இரும்புக் குழாயை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் மாற்றிப் பிரஸ் பண்ண முடியும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: ஹோஸை வெட்டும்போது கம்பித் தூளும் ரப்பர் தூளும் உள்ளே தங்கும். கூலரைத் தாண்டிய எண்ணெய் நேரே பேரிங்குக்குப் போகிறது என்றால் அந்தத் தூளும் கூடவே போகும். பிரஸ் பண்ணி முடித்ததும் டீசல் ஊற்றி அலசி, இரண்டு பக்கமிருந்தும் காற்று அடித்து, வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். துணி சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். சந்தையில் வாங்கிய கூலருக்கும் இதே வைத்தியம்தான், இன்னும் அதிகமாக. அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த இன்ஜின் ஜாம் ஆகி நின்றதா என்பது உங்களுக்குத் தெரியாது. ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் டீசல் விட்டு அலசுங்கள். பிறகு ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, 2 பார் அளவுக்குக் காற்று விட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள், அதற்கு மேல் காற்றடிக்க வேண்டாம்.

மரை விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். எட்டில் ஒரு பங்கு அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) ஃபிட்டிங்கும் 10 மில்லிமீட்டர், 1 பிட்ச் (மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி) போல்ட்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும், மூன்றாவது சுற்றில் அலுமினியக் கவரின் மரை போய்விடும். பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பேஞ்சோ போல்ட்டுக்கு (எண்ணெய் ஓட நடுவில் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றவே சுற்றாதீர்கள், ஒரு துணுக்கு பிய்ந்து ஹெட்டுக்குப் போகிற சின்னத் துளையில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

கூலரை எங்கே வைப்பது? ஃபோர்க்கில் கட்டாதீர்கள், ஃபிரேமில்தான் கட்டவேண்டும், ரப்பர் புஷ் வைத்து. ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயரோ மட்கார்டோ தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். பக்கவாட்டில் டேங்க்குக்குக் கீழே வைத்தால் சேறு குறைவாகப் படும், விழுந்தால் அடிபடாமலிருக்க ஒரு கம்பி வளையம் வேண்டும். முன்னால் தேன்கூட்டு வலை ஒன்று போடுங்கள், ரொம்ப நெருக்கமான வலை மட்டும் வேண்டாம், செம்மண் அப்பிக்கொண்டு காற்றே போகாது. ஸ்டீல் வலை ஹோஸ் எதன்மேல் உரசினாலும் ரம்பம் மாதிரி அறுக்கும், ஒயரையும் அறுக்கும் ஃபிரேமையும் அறுக்கும், உரசுகிற இடத்தில் ரப்பர் உறை மாட்டுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்டீலும் அலுமினியமும் சேர்கிற இடம் வெள்ளையாகப் பொரிந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் கூலரைப் பிடிக்கிற போல்ட்டுகளில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

மாட்டி முடித்ததும் நேரே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கூலரிலும் ஹோஸிலும் முதலில் எண்ணெய் ஊற்றி நிரப்புங்கள். 8 மில்லிமீட்டர் உள்வாய் உள்ள ஹோஸ் ஒரு மீட்டருக்கு 50 மில்லி பிடிக்கும், கூலர் பிடிப்பது தனி. பிளக்கைக் கழற்றி, தொப்பியோடு இன்ஜின் மேல் சாய்த்து வைத்து, செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றி, திரும்பி வருகிற ஹோஸ் முனையைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள், எண்ணெய் கசிந்தால் சுற்றுகிறது என்று அர்த்தம். பிறகு ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம், நிறுத்தி லெவல் பார்த்து நிரப்புங்கள். முதல் 50 கிலோமீட்டர் வீட்டைச் சுற்றியே ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தை வைத்துத் துடைத்துப் பாருங்கள். அப்புறம் அதே மணலில், அதே அரை மணி நேரம், அதே தெர்மாமீட்டர். வித்தியாசத்தை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: என் எக்ஸ்பல்ஸில் இருக்கிற கூலரை எடுத்துவிட்டுப் பெரிய கூலர் போடலாமா? தினமும் வேலைக்கு 6 கிலோமீட்டர் போய் வருகிறேன்.
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: வேண்டாம். 6 கிலோமீட்டரில் எண்ணெய் சரியான சூட்டுக்கு வருவதே கஷ்டம். எண்ணெய் 80 டிகிரிக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே சேரும் நீராவி வெளியேறாது, ஐப்பசி கார்த்திகை மழையில் எண்ணெய் மூடியைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கும். இருக்கிற கூலரின் ஃபின்னைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், போதும்.

கேள்வி: ஹிமாலயன் 450க்கு சிலிக்கான் ஹோஸ் வாங்கினேன், கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நண்பனின் ஆயில் கூலருக்குப் போடலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் வண்டி லிக்விட் கூல்டு, கூலண்டுக்கு சிலிக்கான் அருமையான ஹோஸ். எண்ணெய்க்கு அது ஆகாது, ஊறி உப்பி வலுவிழந்துவிடும். நண்பன்மேல் அக்கறை இருந்தால் கொடுக்காதீர்கள். அப்புறம், தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வந்து முட்டையிடும் காலம், மணலுக்குள் இருக்கிற முட்டை கண்ணுக்குத் தெரியாது. தயவுசெய்து அங்கே வண்டியை இறக்காதீர்கள்.

கேள்வி: ஹிமாலயன் 411இன் கூலரில் கல் பட்டு ஒழுகுகிறது. இரண்டு ஹோஸையும் அடைத்துவிட்டு ஓட்டலாமா?
– வாசகர், திருவக்கரை

பதில்: அடைக்காதீர்கள். எண்ணெய் முழுவதும் கூலர் வழியாகப் போகிற அமைப்பாக இருந்தால் அடைத்த நிமிடத்திலிருந்து ஹெட் வறண்டுபோகும். போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் ஒன்றோடொன்று இணையுங்கள், எண்ணெய் ஆறாது, ஆனால் ஓடும், மெதுவாக வீடு வந்து சேரலாம். இந்த இணைப்புத் துண்டை அளவெடுத்துச் செய்து டூல் பையில் போட்டுவையுங்கள், கூடவே இரண்டு காப்பர் வாஷரும் அரை லிட்டர் எண்ணெயும். கூலரின் ஓரப்பெட்டியில் ஓட்டை என்றால் ஆர்கன் வெல்டிங்கில் அடைக்கலாம். நடுவில் ஃபின்னுக்குள் இருக்கிற மெல்லிய குழாயில் ஓட்டை என்றால் வெல்டிங்குக்குக் காசைக் கொட்டாமல் புதுசு வாங்கிவிடுங்கள்.